வாசலைப் பார்த்த செருப்பு

எங்கள் தொகுதியில் அவர் முகத்தைவிட அவர் செருப்பை அடையாளம் தெரிந்தவர்கள் அதிகம். ஒரு வீட்டு வாசலுக்கு வந்தால் நம்மைப் போல நடந்த வாக்கில் உதறிவிட்டுப் போக மாட்டார். வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, செருப்பின் முனை தெருவைப் பார்க்கிற மாதிரிக் கழற்றி வைத்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே திரும்புவார். வெளியே வரும்போது காலை நுழைத்தால் போதும், ஆள் தெருவில் இருப்பார். கல்யாண மண்டபத்து வாசலில் செருப்பு குவிந்து கிடந்தாலும் தெருவைப் பார்த்த அந்த ஒரு ஜோடி மட்டும் தனியாகத் தெரியும். மனுவோடு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான், "எம்மெல்லே உள்ளதான் இருக்காரு, வா வா" என்று ஓடுவார்கள். பாதி நாள் அவர்கள் உள்ளே போவதற்குள் இவர் பின்பக்கமாகச் சுற்றி வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போயிருப்பார்.

பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் ஆளாளுக்கு ஒரு பழைய கோபத்தையோ பழைய நன்றியையோ தூக்கிக்கொண்டு வருவீர்கள், நான் சொல்ல வந்தது கெட்டுப்போகும். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைமடைப் பக்கம், தேர்தலுக்குத் தேர்தல் ஒரே சின்னத்தில் நின்று, ஒரே மாதிரிக் கும்பிட்டு, ஒரே மாதிரி ஜெயித்துக்கொண்டிருந்த மனிதர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பதவி போன பிறகும் எங்கள் ஊரில் எம்மெல்லே என்றால் அவர்தான். இப்போது நிஜமாகவே எம்.எல்.ஏ.வாக இருப்பவரை நாங்கள் 'தம்பி' என்கிறோம்.

நான் மைக் செட்காரன். சவுண்ட் சர்வீஸ் பாய் என்றால் பட்டுக்கோட்டையிலிருந்து நாகூர் வரைக்கும் தெரியும். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் கட்டியிருக்கிறேன். ஒரு ஆள் எப்படிப்பட்டவன் என்பதை அவன் மைக்கைப் பிடிக்கிற பிடியை வைத்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர் இவரிடம் மட்டும் பலிக்கவில்லை. இவர் மைக்கைத் தொடவே மாட்டார். ஸ்டாண்டுக்குப் பக்கவாட்டில், ஒரு கால் ஏற்கெனவே படிக்கட்டில் இருக்க நின்றுகொண்டு பேசுவார். "எல்லாருக்கும் வணக்கம். வந்துட்டேன். எல்லாரையும் பாத்துட்டேன். எதுன்னாலும் வாங்க. கெளம்புறேன்." அவ்வளவுதான் பேச்சு. இதற்காக நான் மத்தியானத்திலிருந்து வெயிலில் தென்னைமரம் ஏறி ஸ்பீக்கர் குழாய் கட்டியிருப்பேன். வாயில் வராத வசவெல்லாம் வரும்.

ஆனால் கூப்பிட்ட வீட்டுக்கு வராமல் இருந்தார் என்று ஒருத்தர் சொல்ல முடியாது. கூப்பிடாத வீட்டுக்கும் வருவார். சாவு என்றால் சொல்லவே வேண்டாம், சொந்தக்காரர்களுக்கு முன்னால் வந்து நிற்பார். எங்கள் அத்தா, அதாவது அப்பா, மவுத்தான அன்று நாகூரிலிருந்து என் மாமா வந்து சேருவதற்குள் இவர் வந்துவிட்டார். கபர்ஸ்தானில் குழி வெட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் போய் நின்று, தண்ணீர் ஊறுதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உடம்பை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது தோள் கொடுத்தார். அவர் தோள் எனக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனதைப் பார்த்துத்தான் எனக்கு அன்றைக்கு முதல்முதலாக அழுகை வந்தது. அந்த ஒன்றுக்காக அவரை நான் எப்போதும் விட்டுக்கொடுக்க மாட்டேன், திட்டுவேன், அது வேறு.

சாவு வீட்டில் ஒரு வழக்கம் உண்டே, யாரும் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவது. வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடுமாம். இவர் எல்லா வீட்டிலிருந்தும் அப்படித்தான் போவார். என் பெண் நிக்காஹுக்கு இமாமுக்கு முன்னால் வந்தவர், பிரியாணி சட்டி திறப்பதற்குள் காணோம். என் வீட்டுக்காரிக்குக் கோபம். "நல்லது நடக்கற வீட்டுலேர்ந்து இப்புடியா போவாங்க, சொல்லிக்காம?" என்றாள். அடுத்த கூட்டத்தில் அவரிடமே கேட்டுவிட்டேன்.

"சொல்லிக்கிட்டா கையப் புடிச்சுக்குவாங்க பாய். உக்காருங்கம்பாங்க. உக்காந்தா ஒரு வாய் சாப்புடுங்கம்பாங்க. அதுக்குள்ள இன்னொரு வீட்டுல என்னக் காணுமேன்னு தேடுவாங்க."

"தேடட்டுமே. என்ன ஆயிடும்?"

"என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்" என்றார். அவர் முதல்முதலாக நின்ற தேர்தலில் தோற்றாராம். ஏதோ ஒரு கிராமத்தில் ஒரு கிழவியின் சாவுக்குப் போகாமல் விட்டிருக்கிறார். அந்தத் தெரு மொத்தமும் ஓட்டை மாற்றிப் போட்டுவிட்டது என்பது அவர் கணக்கு. "அன்னைலேர்ந்து ஒரு வீட்டையும் விடறதில்ல பாய்." அப்படியென்றால் எங்கள் அத்தாவுக்குத் தோள் கொடுத்தது ஓட்டுக்காகவா, மனசாலா? இதை நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

அவர் சம்சாரம் இதற்கெல்லாம் மசிந்தவர் இல்லை. நல்ல வாய். ஒருநாள் அவர் வீட்டில் ஒயர் மாட்டிக்கொண்டிருந்தபோது, இவர் சமையலறை நிலைப்படியில் நின்றபடி தட்டைக் கையில் வைத்துத் தின்றுவிட்டு, கை கழுவின ஈரத்தோடு வெளியே ஓடினார். அந்தம்மா என்னைப் பார்த்து, "தொகுதியில இருக்கற வீட்டுல இதுவும் ஒண்ணு பாய். வந்துட்டுத்தான் போறாரு" என்றார்.

வசந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொகுதியின் கடைசிக் கிராமம், அதற்கப்புறம் உப்பளமும் கடலும்தான். அந்த ஊர்க் கட்சிக் கிளைச் செயலாளரின் மகள் அவள், புருசனோடு அப்பா வீட்டிலேயே இருந்தாள். ஊருக்கும் தார்ச்சாலைக்கும் நடுவில் ஒரு வடிகால் ஆறு. குறுக்கே மூங்கில் பாலம் ஒன்று, ஆள் மட்டும் போகலாம். ஒரு ஐப்பசி அடைமழையில் வசந்தாவின் புருசனை வயலில் பாம்பு கடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் அக்கரையில் நிற்கிறது, இவனைக் கட்டிலில் வைத்து மூங்கில் பாலத்தில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதிலேயே நேரம் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வருவதற்கு முன்பே எம்மெல்லே அந்த வீட்டில் நின்றார். பக்கத்து ஊர்க் கூட்டத்திலிருந்து அவர் காரில் வந்ததால் நானும் நின்றேன். பெண்கள் நடுவிலிருந்து வசந்தா எழுந்து வந்தாள். சின்னப் பெண். அழுகையெல்லாம் இல்லை.

"சாவுக்கெல்லாம் மொத ஆளா வர்றீங்க. பாலத்துக்கு எப்ப வருவீங்க?" என்றாள்.

கிளைச் செயலாளர், "ஏ, சும்மா இரு புள்ள" என்று மகளை அதட்டினார். யாராவது எதையாவது கேட்டால் 'பாத்துக்கலாம்' என்பது எம்மெல்லே வாயில் எப்போதும் தயாராக இருக்கும். அன்றைக்கு அதுகூட வரவில்லை. திரும்பும்போது மூங்கில் பாலத்தில் பாதியில் நின்று கழியைக் காலால் மிதித்து மிதித்துப் பார்த்தார், மழையில் நனைந்துகொண்டு. எனக்குக் குளிரில் பல் அடித்தது.

அதற்கப்புறம் அவருக்குப் பாலப் பைத்தியம் பிடித்தது. மெட்ராஸில் எத்தனை அலுவலக வராந்தாக்களில் நின்றாரோ, எந்தெந்த அதிகாரியின் காருக்கு முன்னால் போய் நின்றாரோ. நிதி இல்லை என்றார்கள், மண் சரியில்லை என்றார்கள், ஆட்சி மாறியது. கடைசியில் கட்டி முடித்தார்கள். திறப்பு விழாவுக்கு நான்தான் மைக். வழக்கம்போல நாலு வரி பேசிவிட்டுக் கிளம்பினார். அவர் பெயரைக் கறுப்புக் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள், அதை நின்று படிக்கக்கூட இல்லை. வசந்தா விழாவுக்கு வரவில்லை. இவரும், அவள் அன்றைக்குக் கேட்ட கேள்விக்குப் பிறகு, அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் போனதில்லை. ஊருக்கு வருவார், தெருமுனையோடு திரும்பிவிடுவார். கிளைச் செயலாளருக்கு அது மனசில் இருந்தது. விழா அன்று காரை மறித்துக்கொண்டு, "என் சாவுக்காவது எங்க வீட்டுப் பக்கம் வருவியா?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரு வயதுக்காரர்கள், வாடா போடா பழக்கம்.

"நீ போற அன்னைக்கு ஒன் வாசல்ல மொத ஆளா நான் நிப்பேன்டா" என்றார் எம்மெல்லே.

இனி தம்பியைச் சொல்கிறேன். தேர்தலில் மாற்று வேட்பாளர் என்று ஒருவர் மனுத் தாக்கல் செய்வார், பார்த்திருப்பீர்கள். கட்சி வேட்பாளரின் மனு ஏதாவது கோளாறில் தள்ளுபடியாகிவிட்டால் சின்னம் அநாதையாகிவிடக் கூடாது என்பதற்காக. பெரிய ஆளின் மனுவை ஏற்றுக்கொண்டதும் மாற்று ஆளின் மனு தானாகவே தள்ளுபடி ஆகிவிடும். எங்கள் எம்மெல்லேவுக்குப் பல தேர்தலாகத் தம்பிதான் மாற்று. தேங்காய் மண்டி வைத்திருந்த பையன். காரில் பின்சீட்டில் உட்கார்ந்து வருவான், துண்டு எடுத்துக் கொடுப்பான், எந்த வீட்டில் யார் செத்தார்கள் என்று முன்கூட்டியே சொல்வான். அதிகம் பேசமாட்டான். நான் அவனை ஒரு ஆளாகவே நினைத்ததில்லை. என் திமிரைப் பற்றித்தான் சொன்னேனே.

போன தேர்தலுக்குத் தலைமைக் கழகத்தில் நேர்காணல் வைத்தார்கள். எம்மெல்லேவுக்கு எதிராகச் சீட்டு கேட்டு எங்கள் மாவட்டத்தில் ஒருவனும் மனு போட்டதில்லை, அது ஒரு மரியாதை. இந்தத் தடவை தம்பி போட்டிருந்தான். எம்மெல்லே அதை அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டார். உள்ளே தலைவர், "உக்காருங்க" என்றாராம். இவர், "இருக்கட்டுங்க" என்றாராம். தொகுதியில் என்ன நிலவரம் என்று கேட்டதற்கு, "எல்லா வீட்டுக்கும் போயிட்டு வந்துட்டேங்க. சாயங்காலம் ஊர்ல ஒரு வளைகாப்பு இருக்கு, கெளம்பட்டுங்களா" என்று கேட்டிருக்கிறார். கதவுக்கு வெளியே நின்ற எங்கள் ஒன்றியக் கவுன்சிலர் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். தம்பி உள்ளே போய் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மடிக்கணினியைத் திறந்து வைத்து, எந்தப் பூத்தில் கட்சி இளைஞர் ஓட்டை இழந்திருக்கிறது என்று சாவகாசமாகப் பேசினானாம். பட்டியல் வந்தபோது தம்பி பெயர் இருந்தது.

அன்றைக்கு இவர் வீட்டு முன்னால் பெரிய கூட்டம். ஒருத்தன் மண்ணெண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தான், அதில் தண்ணீர்தான் இருந்தது என்று பிறகு தெரிந்தது. அந்தக் கூட்டத்துக்குள் தம்பி வந்தான். நேராக வந்து அவர் காலில் விழுந்தான். "அண்ணே, இந்தத் தடவை நீங்க எனக்கு மாத்து வேட்பாளரா கையெழுத்துப் போடணும். நீங்க போட்டாத்தான் ஊரு என்ன ஒத்துக்கும்" என்றான். எத்தனை நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன். எம்மெல்லே, "போடறேன். எழுந்திரு" என்றார்.

ஆனால் கவுன்சிலர் விடவில்லை. கட்சி ஆளுக்கு ஒருத்தர் முன்மொழிந்தால் போதும், சுயேச்சைக்குப் பத்துப் பேர் வேண்டும். "பத்துப் பேரு கையெழுத்தோட போடுங்கண்ணே, மனு செத்துப் போவாது. அப்புறம் யோசிப்போம்" என்றார். இவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பத்துக் கையெழுத்தும் விழுந்தது. பரிசீலனையில் தம்பி மனுவும் ஏற்பு, இவர் மனுவும் சுயேச்சையாக உயிரோடு நின்றது. தொகுதி முழுக்க இதே பேச்சு. வாபஸ் வாங்குவாரா, நிற்பாரா? நின்றால் தம்பி தோற்பான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. இவர் மட்டும் அந்த நாட்களிலும் காலையில் ஒரு வளைகாப்பு, மத்தியானம் ஒரு கருமாதி என்று செருப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்து ஒரு நாற்காலியில் கட்டிப்போடலாம் போல இருந்தது.

வாபஸ் வாங்கக் கடைசி நாள், மூன்று மணியோடு முடியும். காலையில் கிளைச் செயலாளர் இறந்துவிட்டார் என்று எனக்குப் போன் வந்தது. இரங்கல் கூட்டத்துக்கு மைக் வேண்டும் என்றார்கள். என் ஆளை லோடு ஆட்டோவில் சாமானோடு அனுப்பிவிட்டு, இவர் போவாரே, காரில் தொற்றிக்கொள்ளலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் நிறைய ஆள். இவர் முற்றத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

"போங்கண்ணே சாவுக்கு" என்றார் கவுன்சிலர். "நல்ல சாவு. ஒருத்தன் ஒண்ணும் சொல்ல முடியாது. அந்தக் கோடிக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள மூணு மணி தானா அடிச்சுரும். கேட்டா, பழைய கட்சிக்காரன் சாவுல நின்னேன்னு சொல்லுங்க. நாங்க நாளைக்கே சின்னம் கேட்டுட்டு வந்துருவோம்."

"ஒரு மணிக்குள்ள எடுத்துருவாங்களாம்" என்றேன் நான், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

சாவு வீடு கடற்கரைப் பக்கம். தேர்தல் அதிகாரியான கோட்டாட்சியர் அலுவலகம் நேர் எதிர்த் திசையில். இரண்டுக்கும் போய்ச் சேருகிற நேரம் இல்லை. அவர் சம்சாரம் நிலைப்படியில் நின்று, "எந்தப் பக்கம் போறீங்கன்னாவது சொல்லிட்டுப் போங்க" என்றார். "போறப்பச் சொல்றேன்" என்றபடி காரில் ஏறிவிட்டார். நானும் ஓடிப் போய் ஏறினேன். கார் கடற்கரைப் பக்கம் திரும்பியதும் பின்னால் கூட்டம் கை தட்டியது எனக்குக் கேட்டது.

பங்குனி வெயில். ஆற்றில் மணல்தான், ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். உளுந்துச் செடியைப் பிடுங்கிச் சாலை முழுக்கப் பரப்பியிருந்தார்கள், வண்டி ஏறி ஏறி மணி உதிரட்டும் என்று. அதன்மேல் கார் நொறுநொறுவென்று போனது. வழக்கமாக, இந்த வயல் யாருடையது, அந்த வீட்டில் பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்று பேசிக்கொண்டே வருவார். அன்றைக்குச் சன்னல் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். பாலத்தடியில் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

அவர் கட்டின பாலம். கறுப்புக் கல்லின்மேல் பழைய செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டி அவர் பெயரை மறைத்திருந்தார்கள். தேர்தல் நடத்தை விதிக்காக எல்லாக் கல்லிலும் செய்வதுதான். ஒரு மூலை காற்றில் கிளம்பிப் படபடத்தது. இவர் போய் அதை விரலால் அமுக்கி ஒட்டினார். அக்கரையிலிருந்து சாவு வீட்டில் தப்பு அடிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. இன்னும் கொஞ்ச தூரம்தான்.

"நான் நின்னா என்ன ஆகும் பாய்?" என்றார்.

"ஜெயிச்சாலும் ஜெயிப்பீங்க."

"நீங்க வேற. அவனும் தோப்பான், நானும் தோப்பேன்." பாலத்தின் இந்தக் கைப்பிடிக்கும் அந்தக் கைப்பிடிக்குமாக நடந்தார். "தோக்கறது கெடக்கட்டும். ஒரே வீட்டுல புருசன் எனக்குப் போடுவான், பொண்டாட்டி சின்னத்துக்குப் போடுவா. அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு நின்னுரும். அப்புறம் அந்த வீட்டுல ஒண்ணுன்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள போறது?"

"அப்ப வாபஸ் கடுதாசில கையெழுத்துப் போட்டு ஆள்கிட்ட குடுத்து விடுங்க. நாம சாவுக்குப் போவோம்."

"முன்மொழிஞ்சவனோ ஏஜெண்டோதான் கொண்டுபோய்க் குடுக்கலாம். ஏஜெண்டு கவுன்சிலரு, பத்துப் பேரும் அவரு ஆளு. இந்த ஆத்துலயே கிழிச்சுப் போட்டுட்டு வந்துருவானுங்க."

தப்புச் சத்தம் ஏறியது. குளிப்பாட்டப் போகிறார்கள் போல. அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய ஒரு கால் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. "இப்ப உள்ள போனா எடுக்காம வர முடியாது, மூணு மணி அடிச்சுரும். மொத ஆளா நிப்பேன்னு சொன்னேன் அவன்கிட்ட" என்றார். அந்தக் குரலை என் எந்த ஸ்பீக்கரிலும் நான் கேட்டதில்லை. பிறகு டிரைவரைப் பார்த்து, "வண்டியத் திருப்புப்பா" என்றார்.

கோட்டாட்சியர் அலுவலகத்தில் அதிகாரி வாக்கு எண்ணும் இடத்தைப் பார்க்கப் போயிருந்தார். வர இரண்டு மணி தாண்டியது. எழுத்தர் ஒருவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இவர் பின்னாலேயே, "உக்காருங்கய்யா" என்று சுற்றினார். "இருக்கட்டும்." கையெழுத்தையும் நின்றபடிதான் போட்டார். வெளியே வந்ததும் டிவிக்காரர்கள் மைக்கை நீட்டி, ஏன் வாபஸ், மிரட்டலா, பேரமா என்று கேட்டார்கள். "ஒரு சாவு இருக்கு. போகணும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அன்று முழுக்க அந்த வரிக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்லி விவாதம் நடத்தினார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஷாமியானாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சுடுகாட்டுக்குப் போன ஆண்கள் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு கழுவிவிட்டிருந்தது, வாசல்படியில் தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. என் ஆள் ஒயரைச் சுருட்டிக்கொண்டே, "எடுத்துட்டாங்க பாய். தம்பி வந்து பேசிட்டுப் போயிட்டாரு" என்றான். இவர் அதைக் கேட்டபடி வாசலில் நின்றார். செருப்பை நடந்த வாக்கில் அப்படியே உதறிவிட்டு உள்ளே போனார். இத்தனை வருடத்தில் நான் பார்க்காத காட்சி.

வசந்தா ஈரத்தலையோடு வந்தாள். முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது.

"வர முடியல்லம்மா" என்றார்.

"தெரியும்ங்க. டிவில பாத்தோம்" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "காலைல அப்பா தலமாட்டுல வெளக்கு வைக்கறதுக்குள்ள தம்பி வந்துட்டாரு. சொந்தக்காரங்கூட வரல அப்ப. செருப்பக்கூட ஒங்கள மாதிரியே தெருவப் பாக்கத் திருப்பிப் போட்டுட்டுத்தான் உள்ள வந்தாரு."

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை. பின்சீட்டில் பேசாமல் உட்கார்ந்து வந்த அந்தப் பயல் எதைப் படித்துக்கொண்டு வந்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவன் ஜெயிப்பான் என்றும் தெரிந்தது. ஜெயிக்கவும் செய்தான்.

"நல்லது" என்றார் எம்மெல்லே. சொல்லிவிட்டு, சுவரோரமாக, கழுவிவிட்ட தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஈரமா இருக்குங்க, நாற்காலி கொண்டாரேன்."

"இருக்கட்டும்."

எழுந்துவிடுவார், இதோ எழுந்துவிடுவார் என்று நான் நின்றுகொண்டே இருந்தேன். எழவில்லை. வசந்தா டீ கொண்டுவந்து கொடுத்தாள். அதை ஊதி ஊதிக் கடைசி வரை குடித்தார். அப்பா எப்போது படுத்தார், என்ன சாப்பிட்டார், கடைசியில் என்ன சொன்னார் என்று கேட்டார். அவள் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். நெஞ்சு வலி என்றதும் ஆம்புலன்ஸ் வாசல் வரைக்கும் வந்ததாம். ஆஸ்பத்திரியில் நாலைந்து நாள் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாராம், எம்மெல்லே நிற்கிறாரா இல்லையா என்று நர்ஸிடமெல்லாம் கேட்டாராம். பாலம் என்ற வார்த்தையை இரண்டு பேருமே சொல்லவில்லை. இவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கால் தட்டவில்லை. வெளியே யாரும் மனுவோடு காத்திருக்கவில்லை, போனும் அடிக்கவில்லை.

பொழுது சாய்ந்து விளக்குப் போட்ட பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வேட்டி பின்னால் முழுக்க நனைந்திருந்தது. வாசல்வரை போனவர் திரும்பி, "போயிட்டு வர்றேம்மா" என்றார்.

எல்லா வீட்டிலும் சொல்லாமல் போன மனிதர், சொல்லவே கூடாத வீட்டில் சொல்லிவிட்டார். கூடத்தில் இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு பெரியம்மா, "ஐயா, சாவு வீட்டுல..." என்று ஆரம்பித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். என்ன சொன்னோம் என்று எம்மெல்லேவுக்கும் அப்போதுதான் தெரிந்தது. கையைத் தூக்கிக் காற்றில் எதையோ அழிக்கிற மாதிரி ஆட்டினார், என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

வசந்தா டீத் தம்ளரோடு நிலைப்படிக்கு வந்தாள்.

"வாங்க" என்றாள். "சும்மாவே வாங்க."